அப்பா பேசும் வசனம் ஏன் ஒட்டவில்லை

உங்கள் கதையில் மகளை வேலைக்கு வழியனுப்பும்போது அப்பா "உன்ன உயிரா நேசிக்கிறேம்மா" என்று கதறுவது பொய்யாகத் தெரிகிறது என்கிறீர்கள். அந்த வசனத்தை வெட்டுங்கள். அழுகை இருக்கட்டும்.

கோளாறு முன்னாலேயே இருக்கிறது. அதுவரை அவர் வாயைத் திறந்தது கரண்ட் பில்லுக்கும் அதட்டலுக்கும்தான். "ஆம்பளப் புள்ள அழுவானா" என்று கேட்டு வளர்ந்தவருக்கு வீட்டில் தடையில்லாமல் கிடைத்தது கோபம் மட்டும். பாசம் வேலையாக மாறித்தான் வெளியே வரும். பஸ் ஜன்னலுக்குக் கீழே நின்று "சில்லறை இருக்கா" என்று மூன்றாவது தடவை கேட்பார். இறுக்கிக் கட்டிய பெட்டிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டுவார். எனக்கு அந்தக் கயிறே போதும்.

சோதிக்க ஒரு வழி: அதே வசனத்தை அம்மா வாயில் வையுங்கள். உறுத்தாமல் உட்கார்ந்துவிட்டால் அது அவளுடைய வசனம்தான்.

அதற்காக அப்பாவைக் கல்லாக்கிவிடாதீர்கள், அதுவும் தேய்ந்த அச்சு. பாரி இறந்தபின் பறம்பு மலையிடம் விடைபெறும் கபிலர், புறநானூறு 113ஆம் பாட்டில், நீர் வழியும் கண்ணோடுதான் போகிறார். உங்கள் அப்பாவும் அழலாம். பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகு, டீக்கடைக்குப் பின்னால், மகள் பார்க்காத இடத்தில்.