டர்பனில் பழைய சங்க மண்டபத்தைக் கலைக்கூடமாக்க ஒரு சின்ன கட்டடக்கலை அலுவலகம் போதுமா?

தாராளமாகப் போதும். முதல் நாள் உங்களோடு பேசியவரே கடைசிவரை வேலையைப் பார்ப்பார். பெரிய இடங்களில் அது நிச்சயமில்லை. ஜோகன்னஸ்பர்க் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு 1997இல் நடந்த போட்டியில் வென்ற அணியில் நம் டர்பனின் கட்டடக்கலை அலுவலகமான ஓஎம்எம் டிசைன் வொர்க்‌ஷாப்பும் இருந்தது. அந்த இடத்தில் முன்பு இருந்த சிறையில், இடித்த பகுதியின் செங்கல்லையே நீதிமன்றச் சுவருக்கு எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் மண்டபத்தில் முதலில் வெளிச்சத்தைக் கவனியுங்கள். ஓவியத்துக்கு வடக்கு ஜன்னல்தான் நல்லது என்று எங்கோ படித்திருப்பீர்கள். அது பூமியின் வடபாதிக்காரர்கள் சொன்னது. இங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போவதால், கூசாத, சீரான வெளிச்சம் தெற்கிலிருந்து வரும். 1860க்குப் பின் கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் முன்னோரின் ஒப்பந்தத் தாள்களையும் பழைய போட்டோக்களையும் வைக்கப் போகிறீர்கள் என்றால், அவற்றுக்கு ஜன்னலே வேண்டாம். காகிதத்துக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும்.

அப்புறம் டர்பன் புழுக்கம். காசை மிச்சம் பிடிக்க ராத்திரியில் ஏசியை நிறுத்தினால் ஈரப்பதம் ஏறி இறங்கி, தாள் நெளிந்து பூஞ்சை பிடிக்கும். இதற்கு என்ன வழி வைத்திருக்கிறார் என்று கட்டடக்கலைஞரிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

கட்டடத்துக்கு 60 வயது தாண்டிவிட்டதா? சரி, 1999ஆம் ஆண்டு மரபுவளச் சட்டப்படி மாகாண மரபு அமைப்பின் அனுமதி கைக்கு வரும்வரை ஒரு சுவரிலும் கை வைக்காதீர்கள்.