ரிக்கன்சைல் பண்ணி முடிஞ்ச மாசத்த திரும்பக் கழட்டலாமா?

களுவாஞ்சிக்குடில ஹாட்வெயார் கடை ஒண்டுக்கு கணக்கு எழுதுறவர் கேட்டிரிக்கார்: குவிக்புக்ஸ் ஒன்லைன் எண்ட கணக்கு சொப்ட்வெயார்ல ஏப்ரல்ல இருந்து ஜூலை வரைக்கும் பேங்க் ரிக்கன்சைல் (நம்மட கணக்க பேங்க் ஸ்டேட்மென்ட்டோட ஒப்பிட்டு டிக் பண்றது) முடிச்சாச்சாம், இப்ப ஓகஸ்ட தொடங்கினா ஓபனிங் பெலன்ஸ் பேங்க் ஸ்டேட்மென்ட்ட விட 48,500 ரூவா குறையக் காட்டுதாம், நாலு மாசத்தையும் அன்டூ பண்ணிட்டு முதல்ல இருந்து செய்யட்டா எண்டு.

வேணாம், கொஞ்சம் பொறுங்க. நாலையும் கழட்டினா, எங்க உதைக்குதெண்டு கண்டுபிடிக்கிறது இன்னும் கஷ்டமாயிரும்.

ஓபனிங் பெலன்ஸ் எண்டது அந்த எக்கவுண்ட்ல 'ஆர்' (ரிக்கன்சைல் ஆனதெண்ட அடையாளம்) விழுந்து கிடக்கிற என்ட்ரியெல்லாத்தையும் கூட்டிக் கழிச்சு வாற தொகைதான். முடிஞ்ச மாசத்து என்ட்ரிய யாரும் அழிச்சா, தொகைய மாத்தினா, வேற எக்கவுண்டுக்கு தூக்கினா அது ஆடும், செலவுத் தலைப்ப மட்டும் மாத்தினா ஆடாது. குறையக் காட்டுதெண்டா அனேகமா வந்த காசு ஒண்டு காணாமப் போயிரிக்கு, கூடக் காட்டினா குடுத்த காசு.

நம்மட பக்கம் இதுக்கு வழமையான காரணம் செக் ரிட்டேன்தான். வெட்டு முடியத் தாறன் எண்டு வேளாண்மைக்காரர் தந்த செக்க ஜூலை கடைசில போட்டு, ஸ்டேட்மென்ட்லயும் வந்து, நீங்களும் டிக் பண்ணிரிப்பீங்க, ஓகஸ்ட்ல அது திரும்பி வந்ததும் கடைல ஆரோ அந்த வரவையே டிலீட் பண்ணிரிப்பாங்க. ரிக்கன்சைல் பக்கத்தில வாற எச்சரிக்கைய அமத்தினா மாறின, அழிஞ்ச என்ட்ரியெல்லாம் ஒரு ரிப்போட்டா வரும், ஓடிட் லொக்ல (மாத்தினதெல்லாம் பதிவாகிற இடம்) எந்த ஆள் எப்ப செஞ்சதெண்டும் கிடக்கும்.

அதுதானெண்டா அந்த வரவ அதே திகதி, அதே தொகைல திரும்பப் போடுங்க. மறுகா ஜூலை ஸ்டேட்மென்ட்ட திகதியையும் முடிவுத் தொகையையும் குடுத்து சின்னதா ஒரு ரிக்கன்சைல் தொடங்கி அந்த ஒண்ட மட்டும் டிக் பண்ணுங்க, வித்தியாசம் பூச்சியமாகும். ரிட்டேன ஓகஸ்ட் திகதில தனி ஜேர்னலா, பேங்க கிரெடிட் பண்ணி அந்த கஸ்டமர்ட பேர்ல ரிசீவபிள (அவர் தரவேண்டிய கடன்) டெபிட் பண்ணிப் போடுங்க, பேங்க் வெட்டின சார்ஜ் வேற செலவு. வித்தியாசத்த அட்ஜஸ்ட்மென்ட் எண்டு தள்ளிவிட்டு முடிக்கிற வேலைய மட்டும் செய்யாதீங்க, ஓடிட்டர் முதல்ல கேக்கிறதே அதத்தான்.

மெய்யாவே கழட்ட வேண்டி வாறதும் இரிக்கு, பிழையான ஸ்டேட்மென்ட்ட வச்சு டிக் பண்ணிரிந்தா, கனக்க என்ட்ரி குழம்பிக் கிடந்தா. ஒன்லைன்ல உங்கட லொகின்ல ரெஜிஸ்டருக்கு போய் ஒவ்வொரு என்ட்ரியா 'ஆர்' எடுக்கத்தான் ஏலும், முழு மாசத்தையும் கழட்டுற பட்டன் எக்கவுண்டன்ட் லொகின்ல இரிக்கு. அவர் மே மாசத்த கழட்டினா ஜூனும் ஜூலையும் சேர்ந்தே கழண்டிரும், அதால பழைய ரிப்போட்டெல்லாத்தையும் முதல்ல பிடிஎப்பா எடுத்து வச்சிட்டு, திரும்பச் செய்யக்குள்ள கழண்டதில ஆகப் பழைய மாசத்தில இருந்து தொடங்குங்க. டெஸ்க்டொப் வேர்ஷன்ல கடைசி மாசத்த கழட்டுற பட்டன் உங்களுக்கே இரிக்கு, ஒவ்வொரு மாசமாத்தான் பின்னுக்கு போகும், ஆனா ரிக்கன்சைல் பண்ணக்குள்ள போட்ட பேங்க் சார்ஜும் வட்டியும் அழியாது, திரும்ப அடிச்சா ரெண்டு தரம் விழும்.

எல்லாம் சரிவந்ததும் செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்ட்டுக்கு போய் குளோசிங் டேட் (அதுக்கு முந்தின என்ட்ரிகள பூட்டுற திகதி) ஒண்ட போட்டு பாஸ்வேர்டும் வைங்க, கவுண்டர்ல பில் அடிக்கிற பொடியனுக்கு அத சொல்லாதீங்க.