கிப்பு முடிச்சும் மாயா நாளும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தென் அமெரிக்காவில் பேரரசு நடத்திய இன்காக்கள் முடிச்சுப் போட்டுக் கணக்கு வைத்த கிப்புக் கயிறுகளில் எண்கள் இருக்கின்றன என்கிறார்கள். நல்ல படம் கையில் இருந்தால் நாமே படித்துவிட முடியுமா?

பதில்: பெரும்பாலானவற்றை முடியும். தடித்த தலைக்கயிறு ஒன்று இருக்கும், மற்றவை அதிலிருந்து தொங்கும். தொங்கும் கயிற்றில் தலைக்கயிற்றை ஒட்டியிருப்பது பெரிய இடமதிப்பு. கீழே வர வர நூறு, பத்து, கடைசியில் ஒன்றாம் இடம். நாம் எழுதும் அதே பதின்ம முறை. 1912-லேயே அமெரிக்கரான லீலண்ட் லாக் இதை எடுத்துக்காட்டிவிட்டார்.

முடிச்சுகள் மூன்று வகை. பத்து, நூறு, ஆயிரம் ஆகிய இடங்களில் சாதாரண ஒற்றை முடிச்சுகள் கொத்தாக வரும். முந்நூறு என்றால் நூறாம் இடத்தில் மூன்று. ஒன்றாம் இடத்தில் வருவது நீள் முடிச்சு. அதற்குள் கயிறு எத்தனை சுற்றுச் சுற்றியிருக்கிறதோ அதுவே எண். ஒரே ஒரு சுற்றுப் போட்டால் அது ஒற்றை முடிச்சாகவே ஆகிவிடும் அல்லவா? அதனால் 1 என்பதற்கு மட்டும் எட்டு வடிவ முடிச்சு. பூஜ்ஜியத்துக்கு வெற்றிடம். நூறாம் இடத்தில் மூன்று ஒற்றை முடிச்சு, பிறகு இடைவெளி, கீழே நான்கு சுற்று நீள் முடிச்சு என்றால் 304.

ஒன்றாம் இடத்துக்குத் தனி முடிச்சு வைத்ததில் பெரிய நுட்பம் இருக்கிறது. ஒரே கயிற்றில் இரண்டு மூன்று எண்கள் அடுத்தடுத்து வந்தாலும், நீள் முடிச்சைக் கண்டதும் ஓர் எண் முடிந்துவிட்டது என்று தெரிந்துவிடும். தடுமாற்றம் வருவது 340 போன்ற எண்களில்தான். ஒன்றாம் இடம் வெறுமையாக இருப்பதால் அந்த நான்கு முடிச்சு பத்தா நூறா என்று அந்தக் கயிறு மட்டும் சொல்லாது. பக்கத்துக் கயிறுகளின் முடிச்சுகள் எந்த உயரத்தில் வரிசைப்படுகின்றன என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதனால்தான் கிப்புவைப் பதிவு செய்பவர்கள் ஒவ்வொரு முடிச்சும் தலைக்கயிற்றிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் இருக்கிறது என்று அளந்து எழுதுகிறார்கள். அதோடு நிறம், பருத்தியா மயிரா, முறுக்கு எந்தப் பக்கம், கயிறு முன்புறமாகக் கோக்கப்பட்டதா பின்புறமாகவா என்பதையும் குறிக்க வேண்டும். முடிச்சுகளை மட்டும் குறித்துவைத்த பழைய பதிவுகள் இன்று பாதிப் பயன்தான் தருகின்றன.

படித்தது சரியா என்று பார்க்கவும் வழி உண்டு. சில கிப்புகளில் தலைக்கயிற்றுக்கு மேல்நோக்கி ஒரு கயிறு போகும். தொங்கும் கயிறுகளின் கூட்டுத்தொகை அதில் இருக்கும். லீமா நகரையொட்டிய புருசுக்கோவில் கிடைத்த கிப்புகளில், ஒன்றன் கூட்டுத்தொகைகள் அடுத்த கிப்புவில் உறுப்புகளாக ஏறுவதை ஆய்வாளர்கள் கேரி அர்ட்டனும் கேரி பிரெசினும் 2005-ல் காட்டினார்கள். கீழ்நிலைக் கணக்கர் மேலிடத்துக்கு அனுப்பிய கணக்கு நம் கண்முன் இருக்கிறது! 1583-ல் லீமாவில் கூடிய திருச்சபை மன்றம் கிப்புகளை அழிக்கச் சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று நினைக்கும்போது மனம் வலிக்கிறது.

கேள்வி: அப்படியானால் கிப்புவில் சொற்களே கிடையாதா?

பதில்: இந்த எண் முறைக்குள் அடங்காத கிப்புகளும் இருக்கின்றன. பெருவின் சான் ஹுவான் தே கொயாட்டா ஊரார் பாதுகாத்துவந்த இரண்டு கிப்புகளை மானிடவியலாளர் சபீன் ஹைலண்ட் 2017-ல் விவரித்தார். அவை கடிதங்கள் என்பது ஊராரின் மரபுச் செய்தி. விகூன்யா, அல்பாக்கா உட்பட ஆறு விலங்குகளின் மயிர் அவற்றில் உண்டு. எது எந்த மயிர் என்று கையால் தடவித்தான் அறிய வேண்டும், படத்தில் தெரியாது. ஆனால் இவை ஸ்பானியர் காலத்தவை. இவற்றை வைத்து இன்கா காலக் கிப்புகளும் இப்படித்தான் என்று சொல்லிவிடக் கூடாது.

கேள்வி: மெக்சிகோவிலுள்ள மாயா நகரான பலெங்கேயின் மன்னர் பகால் இறந்த நாள் 683 ஆகஸ்ட் 28 என்று ஒரு நூலிலும், 29 என்று இன்னொன்றிலும், 31 என்று மற்றொன்றிலும் படித்தேன். எது சரி?

பதில்: மூன்றுமே ஒரே மாயா நாள். ஆய்வாளர்கள் அதை 9.12.11.5.18 என்று எழுதுவார்கள். மாயா நாட்காட்டியின் தொடக்க நாளிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதன் கணக்கு இது. இடமிருந்து பக்துன், காதுன், துன், வினால், கின். கின் ஒரு நாள், வினால் 20 நாள், துன் 360, காதுன் 7,200, பக்துன் 1,44,000. புதிதாகக் கணக்கிடுபவர்கள் வழுக்குவது துன்னில்தான். எல்லாம் இருபது இருபதாக ஏறும்போது இது மட்டும் 18 வினால். துன்னை 400 என்று வைத்தால் விடை எங்கோ போய்விடும்.

பெருக்கிக் கூட்டினால் 12,96,000 + 86,400 + 3,960 + 100 + 18 = 13,86,478 நாள். இதோடு 5,84,283 சேர்த்தால் வானியலாளர் பயன்படுத்தும் ஜூலியன் நாள் எண் வரும். சிலர் சேர்ப்பது 5,84,285. இரண்டு நாள் வித்தியாசம் இங்கே வந்துவிடுகிறது. அந்த எண்ணை ஜூலியன் நாட்காட்டியில் எழுதுவதா, கிரிகோரியனிலா என்பது அடுத்த பிரிவு. 683-ல் இரண்டுக்கும் மூன்று நாள் இடைவெளி. ஆக 5,84,283 எடுத்தால் ஆகஸ்ட் 26 அல்லது 29, 5,84,285 எடுத்தால் 28 அல்லது 31. சேர்த்த எண்ணையும் நாட்காட்டியையும் சொல்லாமல் தேதி மட்டும் தரும் நூலை, நாள் அளவுக்கு நம்ப வேண்டாம்.

மாயா பக்கத்துக் கணக்கு சரிதானா என்றும் பார்க்கலாம். மாயா நாள் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 13 வரை சுழலும் ஓர் எண்ணும், இருபது பெயர்களில் ஒன்றும் உண்டு. 13,86,478-ஐ 13-ஆல் வகுத்தால் மீதி 2. தொடக்க நாளின் எண் 4, கூட்டினால் 6. இருபதால் வகுத்தால் மீதி 18, தொடக்க நாளான அஹாவிலிருந்து பதினெட்டாவது பெயர் எட்ஸ்நாப். 365 நாள் ஆண்டில் அதே நாள் யாஷ் மாதத்தில் 11, அதாவது 11 யாஷ். பகாலின் கல்சவப்பெட்டி மூடியின் விளிம்பில் செதுக்கியிருப்பதும் 6 எட்ஸ்நாப் 11 யாஷ்தான். இந்தச் சேர்க்கை 52 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் என்பதால், எந்தச் சுற்று என்பதை மற்றக் கல்வெட்டுகளைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள்.

கல்வெட்டைப் படித்துப் பழகுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மாயா எண்களில் கோடு 5, புள்ளி 1. ஆனால் ஒற்றைப் புள்ளியின் இருபுறமும் இடத்தை நிரப்பப் பிறை போன்ற அலங்காரம் செதுக்குவார்கள். அதையும் எண்ணி 3 என்று படித்துவிடாதீர்கள்.

கேள்வி: பெருவின் தொல்நகரான காரலின் வயதை நாணற்பையைக் கொண்டு கணித்தார்களாமே. விறகுக் கரி போதாதா?

பதில்: கதிரியக்கக் கரிமத்தை அளந்து கிடைக்கும் வயது, அந்தப் பொருள் உயிரோடு வளர்ந்த காலத்தையே காட்டும். நாணல் ஓரிரு பருவத்தில் வளர்ந்து அறுக்கப்படுவது. அதன் வயதும் பையின் வயதும் ஏறக்குறைய ஒன்றே. காரல் மேடைகளைக் கட்டியவர்கள் சிக்ரா எனும் நாணல் வலைப்பைகளில் கல்லைச் சுமந்து வந்து, பையோடு நிரப்பிப் புதைத்தார்கள். தொல்லியலாளர் ரூத் ஷேடியும் உடன் ஆய்ந்தவர்களும் 2001-ல் பொ.ஆ.மு. 2600-ஐ ஒட்டிய காலத்தை உறுதியாகச் சொல்ல முடிந்தது அதனால்தான். விறகு அப்படியல்ல. மரத்தின் உள்வயிரம் வெட்டப்படும்போதே பழையது. பாலைவனத்தில் பட்டமரம் உளுத்துப்போகாமல் நெடுங்காலம் கிடக்கும், பிறகுதான் அடுப்புக்கு வரும். சிப்பியில் ஆபத்து இன்னும் அதிகம். பெருவின் கடலோரத்தில் ஆழத்துப் பழைய நீர் மேலெழுவதால் நேற்றுச் செத்த சிப்பியே வயதானதாகக் காட்டும். கரிம அளவை நாட்காட்டி ஆண்டாக மாற்றும்போது தென்கோளத்துக்குரிய அளவுகோட்டைப் பயன்படுத்தினார்களா என்றும் பாருங்கள். வடகோளத்தினுடையதை வைத்தால் சில பத்தாண்டுகள் கூடுதல் பழமை வந்து சேரும்.

கேள்வி: இரும்பே இல்லாமல் இன்காக்கள் கற்களை இடைவெளியின்றிப் பொருத்தியது எப்படி?

பதில்: கல்லைக் கல்லால் அடித்து. இன்காக்கள் கல் வெட்டியெடுத்த ருமிகோல்கா குழியில் அடிக்கப் பயன்பட்ட கற்கள் இன்றும் கிடக்கின்றன. ஆய்வாளர் ஜான்-பியர் ப்ரோட்சென் தானே அடித்துப் பார்த்தார். முகத்துக்கு நான்கு கிலோ அளவிலான கல், விளிம்புக்குச் சிறிய கல். பெரிய கல்லால் விளிம்பில் அடித்தால் ஓரம் பெயர்ந்துவிடும். இன்காக்களின் தலைநகரான குஸ்கோவின் சுவர்களில் நடுவே பெரிய குழித்தழும்பும் ஓரங்களில் பொடித்தழும்பும் தெரிவது இதற்குச் சாட்சி. பொருத்துவதற்கு, கீழ்வரிசைக் கல்லின் மேற்பரப்பை மேலே உட்காரப்போகும் கல்லின் வடிவுக்குக் குடைந்தார்கள். அடித்த தூள் பரவியிருக்கும்போதே கல்லை வைத்து எடுத்தால், தொடும் இடத்தில் தூள் அழுந்தியிருக்கும். அங்கே மட்டும் அடித்து, மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும்.