மொட்டை மாடி சோலாரும் இன்ஸ்டன்ட் கீசரும்: கேள்வி பதில்

தண்டையார்பேட்டையில் வயரிங், சோலார் வேலை செய்கிறேன். கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கொளத்தூர்: அண்ணா, 3 கிலோவாட் சோலார் போடப் போகிறோம். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் அதில் ஓடுமா?

ஓடும். ஆனால் காலை ஆறு மணிக்கு நீங்கள் குளிக்கும்போது பேனலில் வெயில் விழுந்திருக்காது. கீசர் மின்வாரியத்தின் கரண்டில்தான் சூடாகும். பகலில் மிஞ்சுகிற மின்சாரம் நெட் மீட்டர் வழியாக வெளியே போய் உங்கள் கணக்கில் கழியும். தண்ணீர் 28 டிகிரி, குளிக்க 40 டிகிரி என்று வையுங்கள். 20 லிட்டர் வாளிக்கு ஏறக்குறைய 0.28 யூனிட் ஆகும். நான்கு பேர் குளித்தால் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். சென்னை வெயிலில் 1 கிலோவாட் பேனலே நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஆக, யூனிட் ஒரு கவலையே இல்லை. ஒரே மூச்சில் இழுக்கிற 13 ஆம்பியர்தான் கவலை. மெயின் போர்டிலிருந்து தனி வயர், 16 ஆம்பியர் சாக்கெட், சரியான எர்த், கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச். இந்த நான்கும் இல்லாத வீட்டில் நான் கீசர் மாட்டுவதில்லை.

திருவொற்றியூர்: கரண்ட் போனால் இன்வர்ட்டர் பேட்டரியில் கீசர் ஓடுமா?

ஓட்டாதீர்கள். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 3 கிலோவாட் எடுக்க 250 ஆம்பியர் வேண்டும். 850 வி.ஏ. இன்வர்ட்டர் உடனே நின்றுவிடும். பேட்டரி இல்லாத நெட் மீட்டர் சோலாரும் கரண்ட் போனதும் நிற்கும். உங்கள் பேனலின் கரண்ட் தெருக் கம்பிக்குப் போய், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைத் தாக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

வியாசர்பாடி: பேட்டரியில் கீசர் போடலாமா?

திருவொற்றியூர்க்காரருக்குச் சொன்னதுதான்.

மணலி: மானியம் எவ்வளவு?

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய்.

பெரம்பூர்: தம்பி, பேனல் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். கண்ணாடிக் குழாய் சோலார் ஹீட்டர் பாதிக்கு மேல் சூடாக்கிவிடும். எதற்கு இந்தச் சுற்று வழி?

ஐயா, உங்கள் கணக்கு சரி. ஆனால் மே மாதத்தில் தொட்டித் தண்ணீரே கொதிக்கிறது. அப்போது ஹீட்டரின் சூடு யாருக்கு? பேனல் அன்றும் ஃபேனையும் ஃபிரிட்ஜையும் ஓட்டும். இன்னொன்று, மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிய கதை உங்களுக்கே தெரியும். போர் தண்ணீர் விட்டால் குழாய்க்குள் உப்பு படிந்துவிடும்.

பெரம்பூர்: எங்களுக்கு மெட்ரோ தண்ணீர் வருகிறது. அப்போது?

பத்துப் பேர் வாழும் கூட்டுக் குடும்பமாக இருந்தால் நானே ஹீட்டர்தான் போடச் சொல்வேன். நான்கு பேர் என்றால் இன்ஸ்டன்ட் போதும். தண்ணீர் லாரி வரும் மாதங்களில் உப்புத் தண்ணீரும் வரலாம், அதையும் நினைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள் ஐயா.

ராயபுரம்: இந்த வாதத்தைப் படித்தேன். எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 90 யூனிட்தான் ஆகிறது. எது வாங்கலாம்?

இரண்டுமே வேண்டாம் அம்மா. முதல் 100 யூனிட் இலவசம். பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

காசிமேடு: கடல் காற்றில் ஸ்டாண்ட் துருப்பிடிக்குமா?

பெயின்ட் அடித்த இரும்பு பிடிக்கும். துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்போ அலுமினியமோ கேளுங்கள். போல்ட்டும் துருப்பிடிக்காததாக இருக்கட்டும். பேனலை வெயில் ஏறுமுன் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்புத் தண்ணீர் வெள்ளைத் திட்டு விடும்.

எர்ணாவூர்: பேட்டரியில் கீசர்...

மூன்றாவது முறை. முடியாது. மேலே படியுங்கள்.

எண்ணூர்: கீசர் போட்டால் ஆர்.சி.சி.பி. விழுகிறது. எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றிவிடலாம் என்கிறார்.

கழற்றவே கூடாது! காயிலில் கசிவு இருக்கிறது, அதனால்தான் விழுகிறது. உப்புத் தண்ணீரில் கரண்ட் இன்னும் எளிதாகப் பாயும். கீசர் சுவிட்சை இப்போதே அணைத்து வயரைப் பிரிக்கச் சொல்லுங்கள். நாளைக் காலை யாரும் அதில் குளிக்க வேண்டாம்.