பால்கனிக் கதவு

கேள்வி: எனக்கு 37 வயசு, ஊர் கும்பகோணம். கணவர் ஜப்பான்காரர், ஜப்பான்ல சைதாமால இருக்கோம். பையன் மூணாவது படிக்கிறான், இங்கயே பொறந்தவன், ஜப்பானீஸ் மட்டும்தான் பேசுவான். கிளாஸ்ல "ஹாஃபு"ன்னு, அதாவது பாதி ஜப்பான்காரன்னு கூப்பிடுறாங்க, நீ நிஜமா எந்த நாடுன்னு கேக்குறாங்களாம், அழுதுட்டே வர்றான். அவன் குழம்பக்கூடாதுன்னு வீட்ல நான் தமிழே பேசுறதில்ல, எங்கம்மாகிட்ட போன் பேசணும்னாகூட பால்கனிக்குப் போய் கதவைச் சாத்திட்டுதான் பேசுவேன். இவனை முழு ஜப்பான்காரனாவே வளர்த்துடலாமா, இல்ல ஊருக்கே வந்துடட்டுமா?

பதில்: தங்கச்சி, ஊருக்கு வர்றத அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல அந்தப் பால்கனிக் கதவு. போற போக்குல எழுதிட்டுப் போயிட்டீங்க, எனக்கு அதத் தாண்டிப் படிக்கவே முடியல. ஜனவரிக் குளிர்ல, காயப்போட்ட துணிக்கு நடுவுல நின்னுட்டு பெத்த தாய்கிட்ட பேசுறீங்க, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உங்க பையன் உக்காந்திருக்கான். அம்மா வாய் அசையறது தெரியுது, சிரிக்கறது தெரியுது, சத்தம் மட்டும் வரல. அவன் என்னன்னு எடுத்துப்பான்? அம்மாவோட பாஷை வீட்டுக்குள்ள வரக்கூடாத ஒண்ணுன்னுதானே! கிளாஸ் பசங்க பாதின்னு சொல்றதுக்கு முன்னாடியே அந்தப் பாதிய நீங்க வெளிய நிறுத்திட்டீங்க.

முழு ஜப்பான்காரனா வளர்த்தா கேள்வி நின்னுடும்னு யார் சொன்னா? 2015-ல அரியானா மியாமோட்டோ மிஸ் யுனிவர்ஸ் ஜப்பானா ஜெயிச்சாங்க. நாகசாகி பக்கம் சாசெபோல பொறந்த பொண்ணு, அம்மா ஜப்பான்காரங்க, அப்பா ஆப்பிரிக்க அமெரிக்கர், ஜப்பான் தூரிகை எழுத்துல நல்ல தேர்ச்சி வேற, அப்பவும் இவங்க ஜப்பான்காரி மாதிரியே இல்லன்னு நெட்ல திட்டித் தீர்த்தாங்க. அடுத்த வருஷம் மிஸ் வேர்ல்ட் ஜப்பான் பட்டம் வாங்கின பிரியங்கா யோஷிகாவாவுக்கு அப்பா இந்தியர், அவங்களுக்கும் இதே பேச்சுதான். பாஷையும் பாஸ்போர்ட்டும் கையில இருந்தும் முகத்தப் பாத்துக் கேட்டாங்க. உங்க பையன்கிட்டயும் கேப்பாங்க, நீங்க இப்படியே போனா பதில் சொல்ல அவன்கிட்ட ஒண்ணுமே இருக்காது.

ஊருக்கு வந்தா மட்டும்? இங்க தெருவுல அவனை "சைனாக்காரன்"னு கூப்பிடுவாங்க, அப்ப எங்க ஓடுவீங்க?

அந்த ஊர் கோசெகி, அதான் குடும்பப் பதிவேடு, அதுல வெளிநாட்டு மனைவிக்குன்னு தனி இடம் கிடையாது, கணவரோட விவரத்துல கல்யாணக் குறிப்பாத்தான் உங்க பேரு இருக்கும், அது உங்களுக்கே தெரியும். சட்டம் உங்களை ஓரமா எழுதி வச்சிருக்கு, அது உங்க கையில இல்ல. ஆனா வீட்லயும் நீங்களே போய் ஓரமா நின்னா எப்படிம்மா? எனக்குக் கோவம் வருது.

உங்க வீட்டுக்காரர் லெட்டர்ல ஒரு வரிதான் வர்றார், அதுவும் சரியில்ல. கிளாஸ் டீச்சரப் போய்ப் பாக்க வேண்டியது அவர்தான், அந்த ஊரும் பாஷையும் அவரோடது, தன் பிள்ளைக்காக அவர் வாயத் தொறந்து பேசணும். அத அவர்கிட்ட இன்னைக்கே சொல்லுங்க.

அப்புறம் உங்கம்மா. பேரன் கூட பேச அவங்களுக்கு முழு உரிமை இருக்கு, அத நீங்க பறிச்சு வச்சிருக்கீங்க, மக கடமைன்னு ஒண்ணு இருக்குல்ல? ஞாயித்துக்கிழமை கும்பகோணத்துல காலைல பத்து மணின்னா உங்களுக்கு மத்தியானம் ஒன்றரை, சாப்பிடுற நேரம். ஹால்ல டேபிள் மேல போன வச்சு வீடியோ கால் போடுங்க, மூணு பேரும் உக்காருங்க. அவனுக்குப் புரியாது, பாட்டி சத்தமா கத்துவாங்க, பரவால்ல. இன்னைக்கு என்ன குழம்புன்னு கேக்க மட்டும் சொல்லிக்குடுங்க.

அடுத்த மாசம் எழுதுங்க. பாட்டி என்ன குழம்பு சொன்னாங்கன்னும் எழுதுங்க.