மறுத்துப் பேசுவதெல்லாம் விதண்டாவாதமா?

கேள்வி: உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் மகள், நான் எதைச் சொன்னாலும் தமிழிலேயே மறுத்துப் பேசி, அதற்கொரு காரணமும் காட்டுகிறாள். "விதண்டாவாதம் பேசாதே" என்று அடக்க வேண்டியிருக்கிறது. இச்சொல்லின் பொருளும் பிறப்பும் என்ன? பிடிவாதமும் இதுவும் ஒன்றா?
- வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: இரண்டும் ஒன்றல்ல. உங்கள் மகளுக்கு அந்தச் சொல் பொருந்தவுமில்லை.

வடமொழித் தருக்க நூலான நியாய சூத்திரம், அறிய வேண்டியவை என 16 பொருள்களை வரிசைப்படுத்துகையில் வாதம், ஜல்பம், விதண்டை ஆகியவற்றை அடுத்தடுத்து வைக்கிறது. உண்மையைத் தெளியும்பொருட்டு இரு தரப்பாரும் சான்று காட்டிப் பேசுவது வாதம். வெற்றியே நோக்கமாகிச் சொற்புரட்டையும் கையாள்வது ஜல்பம். ஜல்பத்தில்கூடப் பேசுபவர் தமக்கென ஒரு கொள்கையை நிறுவியாக வேண்டும். அதையும் செய்யாமல், எதிராளி எதைச் சொன்னாலும் தகர்ப்பதையே தொழிலாகக் கொள்வதுதான் விதண்டை. அடித்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து இச்சொல் பிறந்ததென்று வடமொழியாளர் கூறுவதும் இதற்கு இசைவாகவே உள்ளது. தருக்க நூலிலிருந்து வீட்டுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது, பெரியவர்களை எதிர்த்துப் பேசும் எதற்கும் உரிய பெயராக அது தேய்ந்துவிட்டது.

பிடிவாதக்காரரிடம் கொள்கை உண்டு. காரணம் இல்லாமற் போகலாம். விதண்டாவாதியிடமோ கொள்கையே கிடையாது. குதர்க்கம் என்பது நெறி பிறழ்ந்த தருக்கம். முரண்டு நம் சொல். மாறுபாட்டையும் வலிமையையும் குறிக்கும் 'முரண்' என்பதன் வழி வந்தது. வாய் திறவாமலும் முரண்டு பிடிக்கலாம்.

பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல், நூலாசிரியர் கொள்ளும் மதங்கள், அதாவது கொள்கைகள், ஏழு என்று கூறி, 'உடன்படல்' என்பதற்கு அடுத்த இடத்தையே 'மறுத்தல்' என்பதற்குத் தருகிறது. ஒரு கருத்தைத் தானே நாட்டி அதை நிலைநிறுத்துவதையும், 'தாஅன் நாட்டித் தனாது நிறுப்பு' என்று, அவ்வேழனுள் ஒன்றாக வைக்கிறது. காரணம் காட்டி மறுக்கும் உங்கள் மகள் இம்மரபுக்குள்தான் நிற்கிறாள். ஏப்ரலில் தமிழ்மொழி விழா மேடைகளில் மாணவர்கள் வாதாடும்போது கைதட்டும் நாம், அதே திறத்தை வீட்டில் கண்டிப்பது முறையன்று. பள்ளியில் பெரும்பொழுதை ஆங்கிலத்தில் கழிக்கும் பிள்ளை, தாயிடம் தமிழில் வாதாட விரும்புவதே பெரும் பேறு. அந்த வாயை ஒரு தமிழ்ச் சொல்லாலேயே அடைத்தால், அடுத்த வாதத்தை அவள் ஆங்கிலத்தில் தொடங்குவாள், அல்லது தொடங்கவே மாட்டாள்.

அடுத்த முறை அவள் மறுக்கும்போது, "சரிம்மா, உன் முடிவு என்ன?" என்று கேளுங்கள். அவளிடம் முடிவென்று ஒன்றுமே இல்லையென்றால், அப்போது அந்தச் சொல்லைப் பயன்படுத்துங்கள்.