ஆர்தர் லிடியார்ட்: தானே ஓடிப் பார்த்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தவர் (கேள்வி பதில்)

போன வாரம் நீண்ட தூர ஓட்டம் பற்றிப் பேசும்போது நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டைக் குறிப்பிட்டிருந்தேன். அதன் பிறகு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அவரைப் பற்றியே. எனக்கும் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சார், லிடியார்ட் பெரிய ஓட்டக்காரரா? எங்கே பதக்கம் வாங்கினார்? (தக்கலை)

நல்ல ஓட்டக்காரர், ஆனால் உலகத்தைக் கலக்கியவர் இல்லை. 1917இல் ஆக்லாந்தில் பிறந்தார், ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ரக்பி ஆடிய உடம்பு தெம்பாக இருக்கிறது என்ற நினைப்பில் ஒரு நண்பரோடு 8 கிலோமீட்டர் ஓடப் போய் மூச்சுத் திணறிப்போனார். முப்பது வயதுகூட ஆகவில்லை. இப்பவே இப்படியென்றால் இன்னும் இருபது வருடத்தில் என்ன ஆவோம் என்ற பயம்தான் அவரை ஓட வைத்தது.

எவ்வளவு ஓடினால் உடம்பு தேறும், எவ்வளவுக்கு மேல் கெடும் என்று சொல்ல அப்போது அவருக்கு யாரும் இல்லை. தன் உடம்பிலேயே சோதித்தார். சில வாரம் கொஞ்சமாக, சில வாரம் 400 கிலோமீட்டர் வரை. வாரத்துக்குச் சுமார் 160 கிலோமீட்டர் என்ற கணக்கு அப்படி வந்ததுதான். 1950இல் ஆக்லாந்தில் நடந்த எம்பயர் விளையாட்டில் (இன்றைய காமன்வெல்த் போட்டி) மாரத்தான் ஓடினார், பதக்கம் இல்லை. 1953, 1955இல் நியூசிலாந்தின் மாரத்தான் சாம்பியன். தன்னிடம் பயிற்சிக்கு வந்த பையன்களிடம் ஓடச் சொன்ன தூரமெல்லாம் அவர் கால் பட்ட தூரம். எனக்கு அவர் மேல் இருக்கும் மரியாதைக்கு முதல் காரணம் இதுதான்.

என் மகன் பிளஸ் ஒன், 800 மீட்டர் ஓடுகிறான். இரண்டு நிமிடப் போட்டிக்கு எதுக்கு இவ்வளவு தூரம்? (மார்த்தாண்டம்)

இதே கேள்வியைத்தான் அன்று எல்லாரும் கேட்டார்கள். பதில் சொன்னவர் லிடியார்டின் மாணவர் பீட்டர் ஸ்னெல். அவரும் 800 மீட்டர்காரர்தான். ஆனாலும் ஆக்லாந்து பக்கம் உள்ள வையாட்டாருவா மலைப் பாதையில் 35 கிலோமீட்டர் சுற்றை மற்றவர்களோடு ஓடினார். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்புவதற்குச் சற்றுக் குறைவு, அதுவும் மேடு பள்ளத்தில். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கம் அவருக்கு. அதே நாள், ஒரு மணி நேரத்துக்குள், லிடியார்டின் இன்னொரு மாணவர் முர்ரே ஹால்பர்க் 5000 மீட்டரில் தங்கம் எடுத்தார். ரக்பியில் அடிபட்டு இடது கை சரியாக வேலை செய்யாத மனிதர். மூன்று சுற்று பாக்கி இருக்கும்போதே பிய்த்துக்கொண்டு போனார். மாரத்தானில் பேரி மகீ வெண்கலம். 1964 டோக்கியோவில் ஸ்னெல் 800, 1500 இரண்டிலும் தங்கம்.

800 மீட்டரில்கூட பாதிக்கு மேல் சக்தி மூச்சுக்காற்றை நம்பித்தான் வருகிறது. நீண்ட ஓட்டத்தில் இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தம் கூடுகிறது, தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. அந்த அடித்தளம் இருந்தால் கடைசி 200 மீட்டரில் கால் கனக்காது.

உங்கள் மகன் 160 ஓடவே கூடாது. அது வளர்ந்த ஆட்களுக்கு, அதுவும் பல வருடம் ஏறி வந்த கணக்கு. பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள் போதும். நம் மாவட்டத்தில் குறுவட்டப் போட்டி நெருங்கினால் பிள்ளைகளை தினமும் 200, 400 என்று விரட்டுகிறார்கள். மண்டலம் வரை ஜெயித்துவிட்டு பிளஸ் டூவில் ஓட்டத்தையே விட்ட பிள்ளைகளை நினைத்தால் உண்மையிலேயே வயிறு எரிகிறது.

எங்க ஸ்கூல்ல சிந்தெடிக் டிராக் இல்லை, செம்மண் கிரவுண்டுதான். (இரணியல்)

1962இல் ஸ்னெல் ஒரு மைல் உலக சாதனை (3:54.4) படைத்தது நியூசிலாந்தின் வாங்கனுயில், புல் தரையில். ஒரு வாரத்தில் கிறைஸ்ட்சர்ச்சில் 800 மீட்டர் சாதனையும் புல்லில்தான். கல் பொறுக்கிவிட்டு ஓடுங்கள் தம்பி.

அண்ணா, எனக்கு ரப்பர் பால் வெட்டு வேலை. விடியும் முன்னே தோட்டத்துக்குப் போகணும். எப்போ ஓட? (குலசேகரம்)

லிடியார்டும் ஷூ வேலையோடு பால் விநியோகமும் பார்த்திருக்கிறார், குடும்பமும் இருந்தது. ஆனாலும் வெட்டு முடிந்த கையோடு ஓடாதீர்கள். மரத்துக்கு மரம் நடந்து குனிந்த முதுகு அது. சாப்பிட்டு, கொஞ்சம் தூங்கி எழுந்து சாயங்காலம் ஓடுங்கள். மழையில் வெட்டு இல்லாத நாளை நீண்ட ஓட்டத்துக்கு வையுங்கள்.

மலை ஓட்டத்துக்கு மருந்துவாழ் மலை சரிப்படுமா? (பூதப்பாண்டி)

சரிப்படாது. அங்கே படியும் பாறையும். லிடியார்ட் சொன்னது முழங்காலை உயர்த்தி, துள்ளித் துள்ளி மேலேறி, தளர்வாக இறங்குவது. அதற்குச் சீரான சரிவு வேண்டும். பேச்சிப்பாறை பக்கம் வண்டி குறைந்த ரோடு பாருங்கள். அடித்தளம் போட்ட பிறகு சுமார் நான்கு வாரம் இது, அப்புறம்தான் டிராக்கில் வேகப் பயிற்சி. வரிசையை மாற்றாதீர்கள். உங்கள் ஊரிலிருந்து ஆரல்வாய்மொழி பக்கம் ஓடுவதாக இருந்தால் ஆடி மாசத்தில் போகும்போது காற்று முதுகில் தள்ளும், களைத்துத் திரும்பும்போது அதை எதிர்த்து ஓட வேண்டிவரும், அதனால் போகும்போதே சக்தியை மிச்சம் வையுங்கள்.

அப்பாவுக்கு 58 வயது, ஒருமுறை ஹார்ட் அட்டாக் வந்தது. ஓடலாமா? (நாகர்கோவில்)

டாக்டர் சரி என்று சொல்லாமல் ஒரு அடியும் வேண்டாம். சொன்னால் நடையில் தொடங்கட்டும். 1960களின் தொடக்கத்தில் ஆக்லாந்தில் இதய நோய் வந்தவர்களையும் மெல்ல ஓட வைத்தவர் லிடியார்ட்தான். அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன், பின்னாளில் நைக்கி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், அங்கே போய்ப் பார்த்துவிட்டுத்தான் இந்த ஜாகிங்கைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனார். அப்பா பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

போலீஸ் தேர்வுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடணும். மூணு வாரம்தான் இருக்கு. (குளச்சல்)

மூன்று வாரத்தில் அடித்தளம் வராது தம்பி, இருக்கிறதை வீணாக்காமல் பார்த்துக்கொள்ளலாம். 400 மீட்டர் சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. முதல் சுற்றை 1:30இல் ஓடித்தான் பல பேர் மூன்றாவதில் விழுகிறார்கள். கையில் வாட்ச் கட்டிக்கொண்டு 1:50 வேகம் எப்படி இருக்கும் என்பதைக் காலுக்குப் பழக்குங்கள். கடற்கரை மணலில் வேகமாக ஓட வேண்டாம், குதிகால் நரம்பு இழுத்துக்கொள்ளும். கடைசி நான்கு நாள் மெல்ல இருபது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். தேர்வு முடிந்ததும் எழுதுங்கள், அடுத்த ஆறு மாதத்துக்குத் திட்டம் போட்டுத் தருகிறேன்.